நானூற்றுப் பதின்மூன்றாவது பக்கம்

ஒரு பக்கம் அதிகமாக வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில் நானூற்றுப் பதின்மூன்று. ஷெர்லின் பில்ட் கருவியின் அமைப்புக் கோப்பைத் திருத்தி, கருவியை மறுபடியும் ஓட்டினாள். நானூற்றுப் பதின்மூன்று. திங்கட்கிழமை காலையிலிருந்து அந்த எண்ணை முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். பதினைந்து வருடம் பில்ட் கருவிகளோடு குடும்பம் நடத்தியவளுக்கு, ஒரே ஒரு பக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

பில்ட் கருவி என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கல்யாண மண்டபத்தில் இருக்கும் சமையல் மாஸ்டரை நினைத்துக்கொண்டால் போதும். அவர் கையில் கரண்டி இருக்காது. ஒரு பட்டியல் இருக்கும். எதை முதலில் நறுக்குவது, எது வெந்தபிறகு எதை ஏற்றுவது, எதை எந்தப் பாத்திரத்தில் கொட்டுவது என்பதை அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் செய்வார்கள். பில்ட் கருவியும் அதேதான்; அதன் பட்டியல்தான் அமைப்புக் கோப்பு. மனிதர்கள் எழுதிய நிரல்களைத் திரட்டி, வரிசைப்படுத்தி, கணினி ஓட்டக்கூடிய ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும். அதோடு இன்னொரு வேலையும் செய்யும். சமையல் முடிந்ததும் வாசலில் ஒரு அட்டை வைப்பார்கள் அல்லவா, இன்றைக்கு என்னென்ன பதார்த்தம் என்று? அதுபோல, பொட்டலத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை விளக்கி ஆவணப் பக்கங்களைத் தயாரிக்கும். வேறொன்றும் சொல்லாவிட்டால் சமையல் பட்டியலை அப்படியே பார்த்துத்தான் அட்டையையும் எழுதும்.

ஷெர்லின் வேலை பார்த்த நெடுவழி என்ற கம்பெனி, மாவட்டத்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் டவுன் பஸ்களுக்கு நிரல் எழுதிக் கொடுத்தது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது கதவை மூடுவது என்று எல்லாமே விதிகள். விதிகள் இரண்டு மொழிகளில் இருந்தன. ஒன்று சரடு, மனிதர்கள் கையால் எழுதுவது. மற்றது தடம், பழைய ஓட்டுநர்கள் ஓட்டிய லட்சக்கணக்கான டிரிப்புகளைப் பார்த்துக் கணினி தானாக எழுதிக்கொள்வது. இரண்டும் முரண்பட்டால் சரடு சொல்வதைத்தான் பஸ் கேட்கும்.

இதில் ஆவணம் எதற்கு என்றால், சட்டம் அப்படி. மக்களுக்காக முடிவெடுக்கும் எந்த எந்திரமும், தன் ஒவ்வொரு விதிக்கும் எளிய தமிழில் ஒரு பக்க விளக்கம் வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தை யாரும் கையால் எழுதக் கூடாது; கருவியே மூல நிரலைப் படித்துத் தயாரிக்க வேண்டும். ஒரு விதி அநியாயம் என்று தோன்றினால் யாரும் அந்தப் பக்கத்தைக் காட்டி ஆணையத்தில் வழக்குப் போடலாம். நல்ல சட்டம். ஆகையால் இரண்டே வருடத்தில் அதைத் திருத்தினார்கள். எந்திரம் தானாகக் கற்றுக்கொண்ட விதிக்கு ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இல்லாத விதிக்கு விளக்கம் தேவையில்லை என்று ஒரு பிரிவு. இந்த ஒரு வாக்கியத்தை எழுத ஒரு நிபுணர் குழு பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தது. திருத்தம் வந்த மறுவாரமே, நாட்டிலிருந்த எந்திரங்கள் எல்லாம் எல்லாவற்றையும் தாங்களாகவே கற்றுக்கொண்டிருந்த விஷயம் கம்பெனிகளுக்குத் தெரியவந்தது.

நெடுவழிக்கும் தெரியவந்தது. சரடுக்கு மட்டும் ஆவணம் போடு, தடத்துக்கு வேண்டாம் என்று மேலாளர் பிரம்மநாயகம் சொல்லிவிட்டார். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் அந்த விளக்கப் பக்கங்கள் அடங்கிய புத்தகத்தை ஆணையத்தில் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை விசாரணை.

சொன்ன வேலை சின்ன வேலை. அட்டைக்கான பட்டியலில், கோப்பின் பெயர் சரடு என்று முடிந்தால் எடு, இல்லாவிட்டால் விடு என்று ஒரு வரி போட வேண்டும். சமையல் பட்டியலைத் தொடக் கூடாது. அப்படிச் செய்தால் தடம் இலையில் விழும், அட்டையில் இருக்காது. ஷெர்லின் அந்த வரியைத் திங்கட்கிழமை காலை டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டாள். எண்ணூறுக்கு மேல் வந்துகொண்டிருந்த பக்கங்கள் சட்டென்று குறைந்தன. ஆனால் பிரம்மநாயகம் கொடுத்திருந்த பதிவேட்டில் கையால் எழுதிய விதிகள் நானூற்றுப் பன்னிரண்டுதான். இரண்டையும் ஒப்பிட்டாள். பதிவேட்டில் இல்லாத ஒரே பக்கம் இப்படி இருந்தது:

‘நேரச் சேமிப்பு. புதுக்காலனி விலக்கு முதலான பதினான்கு நிறுத்தங்களில், ஆள் நின்றால் பஸ் நிற்காது. ஆள் இல்லாவிட்டால் நிற்கும்.’

வெள்ளிக்கிழமை விசாரணை, புதுக்காலனிக்குப் பாதை பிரியும் அந்த விலக்கைப் பற்றியதுதான்.

பிரம்மநாயகம் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் காலத்து டிரைவர்கள் காலனிக்காரர்களைப் பார்த்தால் நிறுத்தாமல் போய்விடுவார்கள், மெஷின் அதைப் பார்த்துப் படித்துக்கொண்டது, நாம் என்ன செய்ய முடியும் என்றார். மழை பெய்யாததைப் பற்றிச் சொல்லும்போது வருமே, அந்த வருத்தம் அவர் குரலில் இருந்தது. இது தடத்திலிருந்து கசிந்து வருகிறது, கசிவை அடை என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஓட்டுநர்களின் சாதிப்புத்தியைப் பற்றி மேலும் கால்மணி நேரம் பேசினார். அந்த ஓட்டுநர்கள் ஒன்பது வருடத்துக்கு முன்பே வேலை போய் வீட்டுக்குப் போனவர்கள். பழி போட அவர்களைவிட வசதியான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

கசிவு என்று ஷெர்லினும் நம்பினாள். நம்பக் காரணமும் இருந்தது. இரண்டு மொழிகள் ஒரே பொட்டலத்தில் வேலை செய்ய, ஒன்று மற்றதைக் கூப்பிடத் தெரிய வேண்டும். அதற்காகக் கருவி ஒவ்வொரு தடம் கோப்புக்கும் சரடு வடிவில் ஒரு நிழல் கோப்பு எழுதி வைக்கும். அதன் பெயரும் சரடு என்றே முடியும். அந்த நிழல் வழியாகத்தான் வருகிறது என்று நிழல் கோப்புறையை விலக்கினாள். நானூற்றுப் பதின்மூன்று. கருவி முன்பு செய்ததை நினைவில் வைத்திருக்கும் இடத்தைத் துடைத்தாள். நானூற்றுப் பதின்மூன்று. சரடு கோப்புகள் அனைத்திலும் ‘புதுக்காலனி’ என்ற சொல்லைத் தேடினாள். ஓரிடத்தில்கூட இல்லை. ஆகத் தடம்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அமைப்புக் கோப்பில் ஒன்பது விலக்கல் வரிகள் ஏறியிருந்தன. அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. அதை அப்படியே பெயர் சொல்லி நீக்க ஒரு வரி போதும்தான். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒன்றை நீக்குவது அவளுக்குப் பிடிக்காது. குழாய் எங்கே உடைந்தது என்று பார்க்காமல் கோணியைச் சுற்றுகிற பிளம்பர்களை அவள் மதிப்பதில்லை.

புதன்கிழமை காலை மனுதாரரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். யசோதரா, முப்பது வயது, தாலுகா ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பிரம்மநாயகம் அவரை நேரில் பார்க்க விரும்பவில்லை. மெஷின் எப்படிப் படிக்கிறது என்பதை அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாக விளக்கி அனுப்பிவிடு, நீதான் நன்றாக விளக்குவாய் என்று ஷெர்லினை அனுப்பினார். தானும் கதவோரம் வந்து நின்றுகொண்டார்.

யசோதரா உட்கார்ந்ததும் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். தாமதமாக வந்ததற்கான மெமோக்கள். ஒப்பந்த வேலை, மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். காலை ஏழு மணி ஷிப்டுக்கு மேலச்செம்பூர் வரை மூன்று கிலோமீட்டர் நடந்துபோய் பஸ் ஏறுகிறார். அங்கே பஸ் நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் ஏறிய பிறகு அவரும் ஏறுவார். அது வந்த வழியிலேயே திரும்பி, அவர் வீட்டு வாசலைக் கடந்து, ஆட்கள் காத்து நிற்கும் புதுக்காலனி விலக்கில் நிற்காமல் போகும்.

“ஒரு ஸ்கூட்டி எடுத்துக்கிடலாம்லாம்மா,” என்றார் பிரம்மநாயகம் கதவிலிருந்து.

“எடுக்கலாம் சார். பஸ்ஸு நிக்காததுக்கு நான் எதுக்கு ஸ்கூட்டி வாங்கணும்?”

பிரம்மநாயகம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஊரார் இதற்கு முன்பு மூன்று முறை மனுக் கொடுத்ததாக யசோதரா சொன்னார். மூன்று முறையும் அதிகாரி பஸ்ஸில் ஏறி வந்து பார்த்தார். ஆய்வு நடக்கும்போது கூட்டம் போடக்கூடாது என்று ஜனங்களை ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். ஆளில்லாத விலக்கில் பஸ் அழகாக வந்து நின்றது, கதவைத் திறந்தது, மூடியது, போனது. ‘நிற்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று முறையும் மூன்று வெவ்வேறு அதிகாரிகள். ஒருவருக்காவது, ஜனங்களை இந்தப் பக்கம் நிற்கச் சொல்லலாமே என்று தோன்றவில்லை. தோன்றாமல் இருப்பதற்கு அவர்கள் பரீட்சை எழுதித் தேறி வந்திருந்தார்கள்.

ஷெர்லின் விளக்கினாள். அவளுக்கு விளக்குவது பிடிக்கும். சரடு, தடம், நிழல் கோப்பு, கசிவு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று நாளாக ஒரு பக்கம் கூடுதலாக வருவதையும், அதை எப்படியெல்லாம் அடைத்துப் பார்த்தாள் என்பதையும் உற்சாகத்தில் சொல்லிவிட்டாள். அது என்ன பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை. பிரம்மநாயகம் தொண்டையைச் செருமினார்.

யசோதரா கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க லேப்ல இப்பிடி வரும் மேடம். இல்லாத ஒண்ணு ரிசல்ட்ல காட்டும். அப்போ ரத்தமே விடாம வெறும் தண்ணிய வச்சி ஓட்டிப் பாப்போம். அதுலயும் காட்டுச்சின்னா ரத்தத்துல ஒண்ணும் இல்ல, நம்ம குழாய்லதான் அழுக்குன்னு அர்த்தம். நீங்க அந்த மெஷின் எழுதுன பாகத்த மொத்தமா எடுத்துட்டு ஓட்டிப் பாத்தியளா?”

பார்க்கவில்லை. அடைப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு, எடுத்துவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

யசோதரா போன பிறகு திட்டத்தை இன்னொரு இடத்தில் நகலெடுத்தாள். அதிலிருந்து தடம் கோப்பு ஒவ்வொன்றையும் நீக்கினாள், நிழல்களையும் நீக்கினாள். தண்ணீரை மட்டும் வைத்து ஓட்டினாள்.

நானூற்றுப் பதின்மூன்று.

அதற்குப் பிறகு தேட வேண்டிய இடம் ஒன்றுதான். நிறுத்தங்களுக்கு நிரலில் பெயர் கிடையாது, எண்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மக்களுக்குப் புரியவேண்டும் என்று பக்கம் தயாரிக்கும்போது கருவி எண்ணைப் பெயராக மாற்றுகிறது. அதனால்தான் ‘புதுக்காலனி’யைத் தேடியபோது கிடைக்கவில்லை. நிறுத்தப் பட்டியலில் எண்ணைப் பார்த்தாள்: எழுநூற்று முப்பத்தொன்று. சரடு கோப்புகளில் அதைத் தேடினாள். உடனே வந்தது. எட்டு வருடம் பழைய கோப்பு, பன்னிரண்டு வரி. தலையில் ஒரு குறிப்பு: ‘மேலச்செம்பூர் பயணிகள் நலச் சங்கத்தின் வேண்டுகோள். விலக்கில் ஏறுபவர்களால் இருக்கை நிரம்பிவிடுகிறது. ஒரே நிபந்தனையில் பதினான்கு நிறுத்தங்கள், சுத்தமான தீர்வு.’

அந்தக் கோப்பை யார் எப்போது எழுதினார்கள் என்று காட்டும் வரலாற்றைத் திறந்தாள். எழுதியவர்: ஷெர்லின் செல்லத்துரை.

இந்தக் கம்பெனியில் சேர்ந்த மூன்றாவது மாதம். பத்து நிமிட வேலையாக இருந்திருக்கும். பதினான்கு நிறுத்தங்களுக்குத் தனித்தனியாகப் பதினான்கு நிபந்தனை எழுதாமல், ஒன்றிலேயே முடித்ததற்காகப் பிரம்மநாயகம் எல்லோர் முன்னாலும் பாராட்டியது நினைவுக்கு வந்தது. அன்று எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தந்ததும் வந்தது. அந்தப் பதினான்கும் எந்தப் பதினான்கு என்று யாராவது கேட்டார்களா என்பது மட்டும் வரவில்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளும் கேட்டிருக்க மாட்டாள். அந்தப் பன்னிரண்டு வரிகளை இப்போது படித்தபோதும், நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று முதல் கணத்தில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேல் வந்த அருவருப்பை அவள் எளிதில் மறக்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அந்தக் கோப்பை எடுத்துவிட்டு, தடத்தை மட்டும் வைத்து, புதுக்காலனி விலக்கில் நூறு டிரிப்புகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். ஆட்கள் நின்ற ஒவ்வொரு முறையும் பஸ் நின்றது. பழைய ஓட்டுநர்களில் சிலர் நிறுத்தாமல் போயிருக்கிறார்கள், பெரும்பாலோர் நிறுத்தியிருக்கிறார்கள். கணினி பெரும்பாலோரைப் பின்பற்றியிருந்தது. எட்டு வருடமாகக் கம்பெனி யார்மேல் பழி போட்டுக்கொண்டிருந்ததோ, அவர்களிடமிருந்து எந்திரம் நிற்பதற்குத்தான் கற்றுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை பிரம்மநாயகத்திடம் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் திடுக்கிடவில்லை. மறந்தே போயிருந்தார், நடிக்கவில்லை, உண்மையாகவே மறந்திருந்தார். மறக்காமல் இருந்திருந்தால்கூட அவரை ஓரளவு மதிக்கலாம். அந்தக் கோப்பு ஏன் பதிவேட்டில் இல்லை என்று கேட்டதற்கு, அவசரத்துக்குப் போட்டதை எல்லாம் யார் பதிவார்கள் என்றார். பிறகு அதற்கான வழியையும் அவரே சொன்னார். கோப்பின் பெயர்க் கடைசியில் இருக்கும் சரடு என்பதைத் தடம் என்று மாற்று, தடம் கோப்புறைக்குள் தூக்கிப் போடு, ஆசிரியர் இல்லாத விதி ஆகிவிடும்.

“நான் எனக்காகச் சொல்லலம்மா,” என்றார். “முத்திரை வைக்கும்போது எழுதுனவரு பேரும் பக்கத்துல ஏறும். ஒம் பேருதான் வரும். ஊரே படிக்கும். தண்டனையும் எழுதுனவருக்குத்தான்.”

அது உண்மை. உத்தரவிட்டவர் என்று ஒரு கட்டம் அந்தப் பக்கத்தில் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் அதை மறதியால் விட்டுவிடவில்லை.

ஷெர்லின் தன் இடத்துக்குத் திரும்பி, செவ்வாய்க்கிழமை வரை சேர்த்த ஒன்பது விலக்கல் வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். முதல் நாள் போட்ட ஒரு வரி மட்டும் மிஞ்சியது. நாலே முக்காலுக்குப் புத்தகம் முத்திரையோடு ஆணையத்துக்குப் போனது. மேலாளருக்கு, வேலை முடிந்தது என்று செய்தி அனுப்பினாள். அவர் கட்டைவிரலை உயர்த்திப் பதில் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் அந்தக் கட்டைவிரலை நினைத்து வருந்தியிருக்க வேண்டும். ஆனாலும் கம்பெனி வக்கீல் அசரவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கம் தொழில்நுட்பக் கோளாறால் வந்தது என்று எழுந்து சொன்னார். தடம் என்ற மொழியிலிருந்து கசிந்து, தவறான பெயரோடு அச்சாகிவிட்டது; ஆகவே அந்த விதிக்கு ஆசிரியர் இல்லை; ஆகவே மனு தள்ளுபடியாக வேண்டும். அந்தக் கருவியை அமைத்த பொறியாளரே இங்கே இருக்கிறார், கோளாறு என்பதை அவரே உறுதிப்படுத்துவார் என்று ஷெர்லினைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஆமாம் என்ற ஒரு சொல்லில் அவள் பெயரைக் காப்பாற்றிக் கொடுக்கும் தாராளம் அந்தப் புன்னகையில் இருந்தது. பின்வரிசையில் யசோதரா ஆஸ்பத்திரிச் சீருடையில் உட்கார்ந்திருந்தார். பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருப்பார், அல்லது மூன்றாவது மெமோவை எதிர்பார்த்து வந்திருப்பார்.

ஆணைய அதிகாரி அந்தப் பக்கத்தையும் அதன் அடியிலிருந்த பெயரையும் பார்த்தார். பிறகு ஷெர்லினைக் கூப்பிட்டு, இந்தப் பக்கம் எப்படி வந்தது என்று தனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னார்.

“கோளாறு இல்ல மேடம்,” என்றாள் ஷெர்லின். “கருவில ரெண்டு பட்டியல் இருக்கு. ஒண்ணு பஸ்ஸுக்குள்ள போறது, இன்னொண்ணு ஆவணத்துக்கு. ஆவணப் பட்டியல்ல, பேரு சரடுன்னு முடியுற ஃபைல மட்டும் எடுன்னு ஒரே ஒரு வரி போட்டிருக்கேன். மத்த பட்டியலத் தொடல. தடம் ஃபைல் மொத்தத்தையும் எடுத்துட்டும் ஓட்டிப் பாத்துட்டேன், அப்பவும் இதே பக்கம் வருது. அந்த ஒரு வரி சரியா வேலை செய்யுது. ஆளு கையால எழுதுனது மட்டும் வரும். கையால எழுதுனது எல்லாமே வரும். இது நான் எழுதுனது.”